மேல்வரம்பு

மணவாளக்குறிச்சி.
ஐஸ் கம்பெனிக்கு எதிர்மாடி, இரண்டு அறை.
நள்ளிரவில் கரண்டு போய்
யூபிஎஸ் கீச்சிடுகிறது,
கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு மாதிரி.
ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி முடிந்து
இரண்டு வருஷம் ஆகிறது.
தடங்கள் மட்டும்
என் மேசைக்கு வந்து கிடக்கின்றன.

மீசான் என்றால் என்ன என்று
வாடகை வாங்க வந்த பெல்சியா கேட்டாள்.
ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும்
சேர்ந்து குடியிருப்பது, என்றேன்.
எவ்வளவு நாளைக்கு?
ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து
அதில் ஒன்றை மறுபடி
லட்சமாகப் பிரித்தால் வருகிற நேரம்.
"அதுக்குள்ள எவன் அட்வான்ஸ் குடுப்பான்"
என்றபடி படியிறங்கிப் போனாள்.

நான் தேடுவது இருவர் குடியிருப்பு அல்ல.
நால்வர், ஒரே கூரைக்குள்.
அல்லது இரண்டு மீசான்கள்
நடுவில் சுவர் வைத்து, ஒரே முற்றத்தில்.
எது என்பதில்
பெரியவர்களுக்கே இன்னும் வழக்கு.

டி-எஸ் மீசானோடு ஒரு பையானைச் சேர்த்து
நிறை வரைபடம் போட்டேன்.
ஒழுங்காக இறங்குகிற சரிவில்
ஒரு மேடு.
முட்டம் ரோட்டில் போர்டு இல்லாத வேகத்தடை போல,
வண்டி ஏறி இறங்கின பிறகுதான் தெரிகிற மேடு.
மூன்று சிக்மா. இன்னும் கொஞ்சம் மேலே.
கிராகோவில் இருக்கும் போஷேனாவுக்கு
ஒன்பது நாள் எழுதவில்லை.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் பெயர்கள் எழுதி அழித்தேன்.

கிறிஸ்பினுக்கு மணல் கம்பெனியில் வேலை.
கடற்கரையின் கறுப்பு மண்ணை
இல்மனைட் என்றும் கார்னெட் என்றும் மோனசைட் என்றும்
விலக்கிவிடுகிற காந்த உருளை அவர் பொறுப்பு.
இரவு ஷிப்டு முடிந்து
காதுமடலில் தூசியோடு வந்து உட்கார்ந்து
மரச்சீனியும் சாளைக்கறியும் தின்றபடி சொன்னார்:
"ஒரு ஓட்டத்துல பிரியாது பாத்துக்கோ.
மோனசைட்டு கார்னெட்டு மாதிரியே
நடிச்சிட்டு வந்து சேரும்.
எடைதான் காட்டிக் குடுக்கும்.
இன்னொரு தடவ விடணும்."

அவர் மண்ணைத்தான் சொன்னார்.
நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

காந்தப்புலத்தில் ஒரு தடம் வளைந்தால்
அந்த வளைவு உந்தத்தைச் சொல்லும்.
நிறையைச் சொல்லாது.
நூற்றில் நாலு கேயான்
பையானின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்.
தெரிந்த விஷயம்.
என் ஆய்வேட்டில் நானே எழுதிய பத்தி.
அந்தத் தடங்களுக்குக் கேயானின் நிறையைக் கொடுத்து
மறுபடி ஓட்டினேன்.

மேடு நகர்ந்தது.
நகர்ந்து, ஒடுங்கி, நிமிர்ந்து நின்றது,
எல்லாப் பட்டியலிலும் உள்ள,
நான் பள்ளிக்கூடம் போகும்போதே
யாரோ பெயர் வைத்துவிட்ட ஒரு துகளின் இடத்தில்.

கீழே லாரியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

போஷேனாவுக்கு அன்றுதான் எழுதினேன்.
பதில் ஒரு வரி:
நல்லது, மேல்வரம்பு போடு.

மேல்வரம்பு என்றால்
காணவில்லை.
இருக்கலாம்.
இருந்தால், இவ்வளவுக்கு மேல் இல்லை,
தொண்ணூறு சதவீத நம்பிக்கையோடு.
அட்டவணையில் ஒரு வரி இடம் பிடிக்கும்,
எட்டு மாதம்.

அந்த வாரம்தான் கிறிஸ்பின்
மார்பில் குத்திப் போகிற பட்டையின் கணக்கும் வந்தது.
எவ்வளவு என்று கேட்டேன்.
"வரம்புக்குள்ளதான்."
எவ்வளவு?
"அதான் சொன்னேன்லா" என்று
சட்டையைக் கழற்றி வாளியில் போட்டார்.

அலசியெடுத்த பிறகு
வாளியின் அடியில் ஒரு கரண்டி கறுப்பு மண்.
ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப்
பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே விட்டேன்.
பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வந்தது.
மிச்சம் ஒட்டவில்லை.
அடியில் கிடந்தது, தேன் நிறத்தில்.

தண்ணீரைக் கொட்டாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.